சோக்கை இழுத்தால் எஞ்சின் கெடுமா?

மூணாறில் டிசம்பர் குளிர் தொடங்கியதும் அந்தக் குரல் செய்தி எஸ்டேட் லயம்தோறும் சுற்ற ஆரம்பித்துவிட்டது: “பழைய கார்புரேட்டர் கார் காலையில் கிளம்பவில்லையா? சோக்கைத் தொடாதீர்கள், எஞ்சின் கெட்டுவிடும். ஆக்சிலரேட்டரை இருபது முறை மிதித்துவிட்டுச் சாவியைத் திருப்புங்கள்.”

இது தலைகீழ் யோசனை. கார்புரேட்டர் என்பது பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்; அந்தக் கலவையில் பெட்ரோலைக் கூட்ட ஓட்டுநர் இழுக்கும் குமிழ்தான் சோக். குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாவதில்லை. இருக்கும் ஆவி எரியப் போதாது. பெரும்பாலான கார்புரேட்டர்களில் சோக் காற்று வரும் வழியைக் குறுக்கும்போது பெட்ரோல் அதிகமாக உறிஞ்சப்படுகிறது. அதற்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள்.

ஆக்சிலரேட்டரின் ஒவ்வொரு மிதிக்கும், அதற்கான சிறு பம்ப் இருந்தால், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும். ஒன்றிரண்டு மிதி உதவும். இருபது மிதித்தால், தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக் நனைந்துவிடும். கழற்றிப் பாருங்கள்: முனை ஈரமாக, பெட்ரோல் நெடியுடன் இருக்கும். மோரிஸ் மைனர் என்ற பழைய காரின் எஸ்.யூ. வகைக் கார்புரேட்டரில் அந்தப் பம்பே கிடையாது. அங்கே கால்தான் வலிக்கும்.

ஏற்கெனவே நனைத்துவிட்டீர்களா? சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தியபடியே ஸ்டார்ட்டரைச் சில விநாடி சுற்றுங்கள். மிதித்து மிதித்து விடக்கூடாது.

செய்தியில் ஒரு துளி உண்மை உண்டு. எஞ்சின் சூடான பிறகும் சோக்கை இழுத்தே வைத்து ஓட்டினால், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிவிடும். தேவிகுளம் ஏற்றம் வரை அப்படியே ஓட்டிப்போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

சோக் இழுத்தும் ஸ்டார்ட்டர் முனகினால், பேட்டரியைப் பாருங்கள். குளிரில் அதன் வலு குறையும்.