ஜிலேபியை வலை போட்டு ஒழிக்க முடியாது

வெளிநாட்டிலிருந்து வந்த ஜிலேபி மீன் (திலாப்பியா) ஆற்றில் பெருகிவிட்டது என்றதும் எல்லாருக்கும் இரண்டே யோசனைதான் வருகிறது. வலை போட்டு அள்ளிவிடலாம், அல்லது நாட்டு மீன் குஞ்சுகளை லட்சக்கணக்கில் கொண்டுவந்து விடலாம். இரண்டுமே போட்டோவுக்கு அழகு. சினையிடும் இடத்தையும் நேரத்தையும் கவனிக்காதவரை இரண்டாலும் ஆற்றுக்குப் பெரிய லாபமில்லை என்பது என் கட்சி.

ஜிலேபியின் கணக்கைப் பாருங்கள். கரையோர ஆழமில்லாத தண்ணீரில் ஆண் மீன் மண்ணைக் கிண்டி வட்டமாகப் பள்ளம் பறிக்கும். பெண் அதில் முட்டையிட்டு, கையோடு வாயில் அள்ளிக்கொள்ளும். பொரிந்து குஞ்சு தானாக நீந்தும்வரை பத்து, பன்னிரண்டு நாள் வாய்தான் தொட்டில். ஒரு ஈட்டுக்கு, அதாவது ஒரு தடவைக்கு, சில நூறு முட்டைதான். ஒரு கிலோ ரோகு இரண்டு லட்சத்துக்கு மேல் போடுமே என்பீர்கள். போடும், ஆனால் வருஷத்தில் ஒரே பருவம், அதுவும் வெள்ளம் வந்தால். ஜிலேபிக்கு வெள்ளமும் வேண்டாம், ஓட்டமும் வேண்டாம். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் நாலிலிருந்து ஆறு வாரத்துக்கு ஓர் ஈடு. நெருக்கடியான இடத்தில் இரண்டு மூன்று மாத வயதிலேயே, விரல் நீளத்தில் சினையாகிவிடும்.

வலை தோற்பது இங்கேதான். பெரிய கண் வலை பெரிய மீனை மட்டும் எடுக்கும். மிச்சமிருக்கும் பொடிகளுக்கு இரை கூடுகிறது, அடுத்த ஈடு தயார். சிறிய கண் வலை போட்டால் நாட்டு மீன் குஞ்சும் சேர்ந்து போகும். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை: பிடிபட்ட பெண் ஜிலேபி, பதற்றத்தில் வாயிலிருப்பதைத் துப்பிவிடும். தண்ணீருக்குள் நின்றபடியே மீனைப் பிரித்தால், நீந்தும் பருவத்துக் குஞ்சுகள் அப்படியே ஆற்றுக்குத் திரும்பும். வலையைக் கரையேற்றி, உலர்ந்த தொட்டியில் கொட்டித்தான் பிரிக்க வேண்டும்.

சாதாக்கெண்டையும் வெளிநாட்டிலிருந்து வந்ததுதான், ஆனால் வேறு ரகம். முழங்கால் ஆழத்தில் உள்ள செடி, புல், வேரில் முட்டையை ஒட்டவைக்கும். 20 முதல் 22 டிகிரியில் பொரிய மூன்று நாளுக்கு மேல் ஆகும். அதனால் முட்டையிட்ட மறுநாளே மதகு வழியாக மட்டத்தைக் கொஞ்சம் இறக்கினால் முட்டை காற்றில் காய்ந்துவிடும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டாஸ்மேனியா தீவின் கிரசென்ட் ஏரியில் 1995இல் சாதாக்கெண்டை கண்டுபிடிக்கப்பட்டது. முட்டையிடும் சதுப்புகளைத் தடுப்பு வலையால் அடைத்தார்கள். ரேடியோ கருவி பொருத்திய ஆண் மீன்களை விட்டு, அவை எங்கே கூடுகின்றன என்று பார்த்து அங்கே வளைத்தார்கள். 2007 வாக்கில்தான் ஏரி சுத்தமானது. ஒரு ஏரிக்கே அத்தனை வருஷம்! ஒரு நாள் மீன்பிடித் திருவிழாவால் ஆறு சுத்தமாகும் என்று நம்புகிறவர்கள் இதை யோசிக்கட்டும். மட்டத்தை இறக்குவதிலும் ஜாக்கிரதை வேண்டும். வெள்ளக்காலத்தில் செய்தால் நாட்டுக் கெண்டைகளின் முட்டையும் காயும்.

ரோகு போன்ற கெண்டைகள் புதுவெள்ளம் பரவும் ஆழமற்ற இடங்களில் சினையிடும். 27, 28 டிகிரியில் 14 முதல் 18 மணி நேரத்தில் பொரியும். கருவுணவு தீர்ந்து குஞ்சு இரை தேட இன்னும் மூன்று நாள். ஆக, அணையைத் திறந்தால் குறைந்தது ஐந்து நாள் மட்டம் நிற்கவேண்டும், பிறகு மெதுவாக இறங்கவேண்டும். மின்சாரத் தேவைக்காகக் காலையில் திறந்து ராத்திரி மூடுவது, முட்டையிட அழைத்துவந்து கொல்வதற்குச் சமம். அடிமதகுத் தண்ணீர் இன்னொரு தொல்லை. ஆழத்துக் குளிர்ந்த நீர் வந்தால் சினை முதிராது. ஆனால் இன்னொரு வெளிநாட்டு மீனான வெள்ளிக்கெண்டை குடியேறிய ஆற்றில் நீண்ட வெள்ளம் அதற்கும் வசதி. அதன் முட்டை ஓட்டத்தில் மிதந்தபடியேதான் பொரிய வேண்டும், ஓட்டம் நின்றால் அடியில் படிந்து செத்துவிடும். எல்லா ஆற்றுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது.

குஞ்சு விடுவதைப் பற்றி. முதலில் 'நாட்டு மீன்' எது? ரோகுவும் கட்லாவும் கங்கைப் பக்கத்து மீன்கள். அங்கே அவை சொந்தம், வேறு ஆற்றில் அவையும் விருந்தாளிகளே. அடுத்தது தாய்மீன் எண்ணிக்கை. பண்ணையில் 20 பெண்ணுக்கு 2 ஆண் வைத்துச் சினைப்படுத்தினால், ஆண், பெண் எண்ணிக்கையைப் பெருக்கி, அதை நாலு மடங்காக்கி, மொத்த எண்ணிக்கையால் வகுக்கும் கணக்கைப் போட்டு (4×2×20 ÷ 22) பாருங்கள்: மரபு ரீதியாக ஏழு மீனுக்குச் சமம். ஒரே தலைமுறையில் உள்ளினக் கலப்பு (நெருங்கிய உறவுக்குள் இனம் பெருகுவது) சுமார் 7 சதவீதம் ஏறும். 50 ஆண், 50 பெண் என்றால் அரை சதவீதம்தான். லட்சம் குஞ்சு விட்டாலும் அத்தனையும் அண்ணன் தங்கச்சி என்றால் ஆற்றில் இருக்கும் கொஞ்சநஞ்ச நல்ல வித்தும் கெடும். வாங்கும்போது கேளுங்கள்: ஆண் எத்தனை, பெண் எத்தனை, தாய்மீன் எந்த ஆற்றுது? பதில் சொல்லத் தடுமாறும் பண்ணையில் வாங்காதீர்கள்.

காசில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. விரால், செடிகளுக்கிடையே மிதக்கும் முட்டையிட்டு, குஞ்சுக் கூட்டத்தைச் சுமார் ஒரு மாதம் காவல் காக்கும். செம்மஞ்சளாகக் குஞ்சுகள் திரண்டு மேலே வந்து கொப்பளிக்கும் இடத்துக்குக் கீழே காவல் மீன் நிற்கும். தூண்டில்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும், அங்கேயே போடுகிறார்கள். காவல் மீன் போனால் குஞ்சுக் கூட்டம் மற்ற மீன்களுக்கு இரை. இத்தனைக்கும் ஜிலேபிப் பொடிகளைத் தின்று குறைப்பது இந்த விரால்தான். குஞ்சு கொப்பளிக்கும் இடத்தில் தூண்டில் போடக்கூடாது என்று ஆற்றோரத்துக்காரர்களே பேசி முடிவெடுக்கலாம், அதற்கு எந்தத் திட்டமும் நிதியும் வேண்டியதில்லை.