உளுந்து என்ன விலை, சம்பந்தி?

(விருதுநகரில் ஓர் எண்ணெய் பரோட்டா கடை. பெண்ணின் அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் விவசாயி, மாப்பிள்ளை வீடு பார்க்க வந்திருக்கிறார். மாப்பிள்ளையின் அப்பா உள்ளூரில் பருப்பு கமிஷன் மண்டி வைத்திருப்பவர்.)

தஞ்சாவூரார்: மதுரை தாண்டியதிலிருந்து பார்த்துக்கொண்டே வருகிறேன் சம்பந்தி. கரிசல் காடும் கருவேல முள்ளும்தான். ஒரு வாய்க்கால் கண்ணில் படவில்லையே?

விருதுநகரார்: வாய்க்கால் எதுக்கு? கை கழுவக் குழாய் இருக்கிறது. பரோட்டாவைப் பிய்த்துப் போடுங்க.

தஞ்சாவூரார்: பிய்ப்பதா? உடைக்க வேண்டியிருக்கிறது. இது பரோட்டாவா, அப்பளமா?

விருதுநகரார்: எண்ணெயில் முங்கி எழுந்தது, அப்படித்தான் இருக்கும். நன்றாக நொறுக்கி சால்னாவை ஊற்றுங்க. கொஞ்சம் ஊறட்டும். ம், இப்போ சாப்பிடுங்க.

தஞ்சாவூரார்: (ஒரு வாய் போட்டுவிட்டு) சரி, இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. பெண் வாழ வருகிற ஊரில் என்னதான் விளைகிறது?

விருதுநகரார்: பெரிதாக ஒன்றும் விளையாது. மற்ற ஊரில் விளைந்ததற்கு விலை வைப்போம்.

தஞ்சாவூரார்: ஓஹோ! போன சித்திரையில் என் உளுந்தை மூட்டை கட்டி வைத்தேன். வியாபாரி வந்து, "விருதுநகர்ல இறங்கிருச்சு" என்று பாதி விலைக்குக் கேட்டான். அது நீங்கள்தானா?

விருதுநகரார்: நான் ஒருத்தன் இல்லை, எங்கள் தெருவே சேர்ந்துதான். இன்னொரு பரோட்டா சொல்லட்டுமா?

தஞ்சாவூரார்: போதும். அடுத்த வருஷமாவது உங்கள் பக்கம் நல்ல மழை பெய்யட்டும்.

விருதுநகரார்: ஐயையோ, சிவகாசிக்காரன் காதில் விழப்போகிறது! அங்கே பட்டாசு வெயிலில் காய்கிறது. தூறல் விழுந்தால் அன்றைக்கு வேலை போச்சு. 1923 வாக்கில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். பயிருக்கு ஆகாத வெயில் தீக்குச்சிக்கு ஆயிற்று. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்று அச்சகம் வந்தது, அப்புறம் பட்டாசு.

தஞ்சாவூரார்: மாப்பிள்ளை பட்டாசு ஆலையிலா?

விருதுநகரார்: இல்லை, அச்சகத்தில். பயப்படாதீங்க. வெடி விபத்துச் செய்தி வந்தால் எங்களுக்கும் இரண்டு நாள் சோறு இறங்காது. அவன் வேலை காலண்டர். ஆடிப் பதினெட்டுக்கே அடுத்த வருஷ ஆல்பம் போட்டுவிடுவார்கள்.

தஞ்சாவூரார்: என் வீட்டில் தொங்குகிற காலண்டர்?

விருதுநகரார்: அநேகமாக சிவகாசிதான். இந்தச் சம்பந்தத்துக்கு நீங்கள் நாள் பார்த்ததே எங்கள் பிள்ளைகள் அச்சடித்த தாளில்தான்.

தஞ்சாவூரார்: அதிருக்கட்டும். கோயிலுக்கு வாங்க. பெரிய கோயில் விமானம் 216 அடி. உங்களிடம்?

விருதுநகரார்: ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம். 11 நிலை, 192 அடி.

தஞ்சாவூரார்: (மீசையைத் தடவி) குறைச்சல்தான்.

விருதுநகரார்: குறைச்சல்தான். ஆனால் உங்கள் நிலத்துப் பட்டாவை எடுத்துப் பாருங்க. அரசு முத்திரையில் இருக்கிற கோபுரம் எது?

தஞ்சாவூரார்: ...

விருதுநகரார்: மெதுவாகப் பேசுவோம். பின்னால் உட்கார்ந்திருப்பவர் மதுரைக்காரர். அது எங்க ஊர்க் கோபுரம் என்று சண்டைக்கு வருவார். ஆண்டாள் கையில் தினமும் புதுக் கிளி, பார்த்திருக்கிறீர்களா? இலையிலேயே செய்வது. மூக்குக்கு மாதுளம்பூ. அவள் சூடிய மாலை புரட்டாசியில் திருப்பதிக்குப் போகிறது. ஏழுமலையானே இங்கிருந்து மாலை வாங்குகிறார், நீங்கள் மாப்பிள்ளை எடுக்க யோசிக்கிறீர்கள்.

தஞ்சாவூரார்: பேச்சில் மடக்குகிறீர்கள்.

விருதுநகரார்: அந்த ஊர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

தஞ்சாவூரார்: எங்கள் தலையாட்டி பொம்மைக்கு அதற்கு முன்னாலேயே கிடைத்துவிட்டது!

விருதுநகரார்: தெரியும். அதான் இவ்வளவு நேரம் எதிரில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேனே.

தஞ்சாவூரார்: (ஆட்டிய தலையை நிறுத்தி) பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு சாப்பிட்டு வளர்ந்த உடம்பு இது. கேலி தாங்கும்.

விருதுநகரார்: அந்தச் சோற்றைப் போட்ட காமராசர் எந்த ஊர்?

தஞ்சாவூரார்: ஐயா, விடுங்களேன்!

விருதுநகரார்: 1985-ல் ராமநாதபுரத்திலிருந்து பிரித்தபோது மாவட்டத்துக்கே அவர் பெயர்தான். 1997-ல் ஊர்ப்பெயராக மாற்றினார்கள். சாத்தூர் சேவு, ராஜபாளையம் நூற்பாலை, அருப்புக்கோட்டைத் தறியெல்லாம் நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

தஞ்சாவூரார்: வேண்டாம், தை முகூர்த்தமே வைத்துக்கொள்வோம். அரிசி என் வயலிலிருந்து வரும். பட்டாசு உங்கள் செலவு.

விருதுநகரார்: சரி. பந்திக்கு வடை?

தஞ்சாவூரார்: அதற்கும் என் உளுந்துதான். நான்கு மூட்டை கையில் இருக்கிறது. சம்பந்தி ஆகிவிட்டோம், இலவசமாகக் கொடுத்தால் நன்றாக இருக்காது. நியாயமான விலை போட்டு நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

விருதுநகரார்: (செல்போனை எடுத்துப் பார்த்துவிட்டு) அடடா, காலையிலிருந்து உளுந்து இறங்கிருச்சே, சம்பந்தி!