மீதி எட்டு

பொண்ணு: நம்பர் சொல்லுங்க ஐயா.

பெரியவர்: தொண்ணூறு.

பொண்ணு: தொண்ணூறு... ம், மீதி?

பெரியவர்: மீதியா? நான் இன்னும் காசே குடுக்கலியேம்மா.

பொண்ணு: காசு இல்ல ஐயா, நம்பரு. தொண்ணூறுக்கு அப்புறம்?

பெரியவர்: அப்புறம் தொண்ணூத்தஞ்சு. ஆனா அது எனக்கு தொளதொளன்னு இருக்கும். எண்பத்தஞ்சுலதான் ரொம்ப நாளா இருந்தேன், ரிட்டயர்டு ஆனப்புறம் உக்காந்து உக்காந்து கொஞ்சம் பூசினாப்ல ஆயிட்டேன். ஏன், ரெண்டுமே தொண்ணூறுதானே எடுத்து வெச்ச?

பொண்ணு: ஐயா, பனியன் சைஸ் கேக்கல. போன் நம்பர். உங்க மொபைலு. பத்து நம்பர்ல ரெண்டு சொல்லிட்டீங்க, இன்னும் எட்டு சொல்லணும்.

பெரியவர்: பனியன் வாங்க வந்தவன்கிட்ட நம்பர்னு கேட்டா பனியன் நம்பரத்தாம்மா சொல்லுவான். போன் வாங்க வந்திருந்தா போன் நம்பர சொல்லியிருப்பேன்.

(இது நடந்தது கடலூர் திருப்பாப்புலியூர், லாரன்ஸ் ரோட்டுல ஒரு துணிக்கடை. கடை பேரு வேணாம், எல்லா கடையிலயும் இதே கதைதான். நான் அவருக்குப் பின்னாடி அம்மாவுக்கு ரெண்டு நைட்டியோட நிக்கிறேன், எனக்குப் பின்னாடி ஆறு பேரு, அதுல ஒரு கொழந்தை ஏற்கனவே அழ ஆரம்பிச்சிடுச்சு.)

பொண்ணு: நம்பர் போட்டாதான் ஐயா பில்லு வரும்.

பெரியவர்: காசு குடுத்தா வராதா?

பொண்ணு: சிஸ்டம் கேக்குது ஐயா.

பெரியவர்: இன்னாத்துக்கு கேக்குது?

பொண்ணு: அது தெரியாது ஐயா. கேக்குது.

பெரியவர்: அதக் கூப்பிடு, நான் பேசிக்கிறேன்.

பொண்ணு: எத?

பெரியவர்: சிஸ்டத்த.

பொண்ணு: ஐயா இங்க பாருங்க, ஸ்க்ரீன்ல. இந்த கட்டத்துக்கு பக்கத்துல சின்னதா செவப்பு நட்சத்திரம் இருக்குல்ல...

பெரியவர்: உத்திரட்டாதி.

பொண்ணு: என்னது?

பெரியவர்: என் நட்சத்திரம். நம்பரு, நட்சத்திரம், அடுத்து கோத்திரமா? பனியனுக்கு அர்ச்சனை பண்ணித்தான் தருவீங்களா?

பொண்ணு: அய்யோ, நட்சத்திரம் போட்டிருந்தா கட்டாயம் ரொப்பணும்னு அர்த்தம் ஐயா. ரொப்பலைன்னா அடுத்த பக்கம் போவாது.

பெரியவர்: அந்த நட்சத்திரத்த வானத்துலருந்தா போட்டான்? எவனோ ஒருத்தன் உக்காந்துதானே போட்டான்.

(இதுக்கு அந்தப் பொண்ணுகிட்ட பதில் இல்ல. எனக்குத் தெரிஞ்சு யார்கிட்டயும் இல்ல. பில்லு கவுண்டர், ஆஸ்பத்திரி, கொரியர், எங்க போய் ஏன்னு கேட்டாலும் சிஸ்டம் கேக்குதுங்குறாங்க, சொல்லும்போதே ஒரு கை மானிட்டர காட்டும், ஏதோ கிராமத்துல அம்மன் உத்தரவு வாங்குன மாதிரி.)

பொண்ணு: எல்லாரும் குடுக்குறாங்க ஐயா. ஒரு நம்பர்தானே. மெசேஜ் வரும், ஆபர் வரும், பர்த்டேக்கு விஷ் பண்ணுவோம்.

பெரியவர்: என் பொண்டாட்டியே நாப்பது வருஷமா விஷ் பண்ணல. நீங்க பண்ணீங்கன்னா அவளுக்கு சந்தேகம் வரும்.

பொண்ணு: பில்லு போன்லயே வந்துடும். பேப்பர் மிச்சம். மரம் வெட்ட வேணாம்.

பெரியவர்: மரத்து மேல இவ்ளோ பாசம் இருக்குறவங்க, வர்ற வழில வேப்ப மரத்துல ஆணி அடிச்சு ஆடித் தள்ளுபடி போர்டு மாட்டியிருக்கீங்களே, அது யாரு?

பொண்ணு: அது விளம்பர செக்‌ஷன் ஐயா. நான் பில்லு.

பெரியவர்: சரி எழுதிக்கோ. ஒண்ணு, ஒம்போது, சைபர், ஒம்போது.

பொண்ணு: (டைப் பண்றா, முகத்துல நிம்மதி) ம்ம்...

பெரியவர்: ஒண்ணு, ஒம்போது, ஒண்ணு, அஞ்சு.

பொண்ணு: ம்ம். இன்னும் ரெண்டு.

பெரியவர்: தொண்ணூறு. பனியன் சைஸு. பத்து ஆயிடுச்சா?

பொண்ணு: எடுக்க மாட்டேங்குதே. ஒண்ணுல ஆரம்பிச்சா எடுக்காது ஐயா. மொபைல் நம்பர்னா ஆறு, ஏழு, எட்டு, ஒம்போது, இதுலதான் ஆரம்பிக்கும்.

பெரியவர்: அடேங்கப்பா. அது வரைக்கும் சொல்லிக் குடுத்தவன் 'விருப்பம் இல்ல'ன்னு ஒரு பட்டன் வெக்க மட்டும் மறந்துட்டானா?

பொண்ணு: இது யார் நம்பர் ஐயா?

பெரியவர்: மொத நாலு 1909, தொல்லை பண்ற போன வேணாம்னு பதிவு பண்றது. அடுத்த நாலு 1915, கடைக்காரங்க மேல பொகார் பண்றது. ரெண்டையும் மனப்பாடமா வெச்சிருக்கேன். என் சொந்த நம்பர்தான் அப்பப்ப மறந்துடுது.

பொண்ணு: (குரல் இறங்குது) பொகார் பண்ணிடாதீங்க ஐயா.

பெரியவர்: உன் மேல பண்ணுவனாம்மா. 2023 மே மாசமே டெல்லில நுகர்வோர் துறை சொல்லிடுச்சு, பில்லு போட நம்பர் குடுத்தே ஆவணும்னு கடையில கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு. டீக்கடைல பேப்பர்ல படிச்சேன். அந்த பேப்பர் உங்க முதலாளி வீட்டுக்கு மட்டும் போட மாட்டாங்க போல.

பொண்ணு: ஐயா நீங்க எங்க வேலை பாத்தீங்க? வக்கீலா?

பெரியவர்: டெலிபோன்ல லைன்மேன். இந்த ஊர்ல நான் ஏறாத கம்பமே கிடையாது.

பொண்ணு: (திடீர்னு தெம்பு வந்துடுச்சு) டெலிபோனா! அப்ப நீங்க பேசவே கூடாது ஐயா. உங்க ஆளுங்கதானே ஊர்ல இருக்குற எல்லாரோட பேரு, அட்ரஸ், நம்பரு எல்லாத்தையும் புக்கா அடிச்சு வீடு வீடா குடுத்தீங்க? எங்க தாத்தா வீட்ல அந்த டைரக்டரிய தலைக்கு வெச்சு படுத்திருப்பாரு. இப்ப ஒரு நம்பர் குடுக்கறதுக்கு இவ்ளோ பேசுறீங்க.

(க்யூல யாரோ சிரிச்சுட்டாங்க. நானும்தான். நல்ல கேள்வி. பெரியவர் ஒரு நிமிஷம் பேசல, பனியன் கவர தடவிக்கிட்டே இருந்தாரு.)

பெரியவர்: குடுத்தோம். ஆனா அதுல எந்த சைஸ் பனியன் போடுறாருன்னு போடல.

பொண்ணு: ...

பெரியவர்: அந்த நம்பரு வீட்டு நம்பர்மா. 04142 போட்டு ஆறு நம்பரு, ஹால்ல ஒரு ஸ்டூலு மேல கெடக்கும், மேல ஒரு பூ போட்ட துணி. பேரன் மாதிரி கூடவே பாத்ரூம் வரைக்கும் வராது. இது அப்படியா? பேங்கு இதுல, ஆதார் இதுல, கேஸ் சிலிண்டர் இதுல. வீட்டு சாவிய குடுன்னா குடுப்பியா? ஒரு சாவிதானேம்பியா?

பொண்ணு: நாங்க யாருக்கும் குடுக்க மாட்டோம் ஐயா.

பெரியவர்: நீ குடுக்க மாட்ட. அது தெரியும். போன மாசம் நான் ஒரு எடத்துல கண்ணாடி ஃபிரேம் மாத்துனேன், நம்பர் கேட்டாங்க, குடுத்துட்டேன், மறுவாரத்துலருந்து ஒரு பொண்ணு தெனம் பதினோரு மணிக்கு போன் பண்ணி பர்சனல் லோன் வேணுமாங்குது. என் பேரச் சொல்லி கேக்குது. எனக்கு வர்ற பென்ஷனுக்கு பத்து லட்சம் லோனு. என் புள்ள கூட அவ்ளோ கரெக்டா தெனம் கூப்பிட மாட்டான்.

பொண்ணு: அதுக்குதான் சட்டம் வந்துடுச்சாமே ஐயா. எங்க மீட்டிங்ல கூட சொன்னாங்க. டேட்டா சட்டம்.

பெரியவர்: வந்துச்சு வந்துச்சு. சட்டம் 2023 ஆகஸ்ட்டு. அதுக்கு ரூல்ஸ் 2025 நவம்பரு. கம்பெனிக்காரங்க முக்கியமானதுக்கெல்லாம் தயாராவறதுக்கு அதுலருந்து 18 மாசம் டயமு. எங்க டிபார்ட்மென்ட்ட எல்லாரும் திட்டுவாங்க, கொழந்த பொறந்தப்ப போன் கனெக்‌ஷனுக்கு மனு போட்டா காது குத்துக்குத்தான் வருதுன்னு. இப்ப சந்தோசமா இருக்கு, நாங்க மட்டும் இல்ல.

பொண்ணு: அபராதம் 250 கோடி வரைக்கும்னாங்க.

பெரியவர்: ஆங், அதுலயே ஒரு உதாரணம் போட்டிருக்கான், அழகா இருக்கும். போன்லயே டாக்டர பாக்குற ஒரு ஆப்பு, அது உன் போன்ல இருக்குற கான்டாக்ட் லிஸ்ட்டையும் கேக்குது, நீயும் சரின்னு அழுத்திட்ட. அப்பவும் அந்த சம்மதம் வைத்தியத்துக்கு மட்டும்தான் செல்லும், லிஸ்ட்டுக்கு செல்லாதுன்னு இருக்கு. ஏன்னா ஜுரத்துக்கும் உங்க பெரியம்மா நம்பருக்கும் சம்பந்தம் இல்ல. அதே மாதிரி என் வேர்வைக்கும் என் போனுக்கும் இன்னா சம்பந்தம்?

பொண்ணு: இதெல்லாம் யாரு ஐயா கேஸ் போடுறாங்க?

பெரியவர்: என்ன மாதிரி ரிட்டயர்டு ஆளுங்கதான். புட்டசாமின்னு கர்நாடகாவுல ரிட்டயர்டு ஜட்ஜு, 80 வயசு தாண்டி 2012-ல ஆதார எதிர்த்து கேஸ் போட்டாரு. 2017-ல சுப்ரீம் கோர்ட்டுல 9 ஜட்ஜு உக்காந்து அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சொன்னாங்க. வயசுப் பசங்களுக்கு எங்க நேரம், ஆபர் மெசேஜ் படிக்கவே சரியா இருக்கு.

கொழந்தை: ம்ம்மாஆஆ!

பொண்ணு: ஐயா பின்னாடி ஆளு நிக்குது ஐயா, ப்ளீஸ். புயல் வந்தா, வெள்ளம் வந்தா மெசேஜ் வருதுல்ல, அதுக்குக் கூட நம்பர் வேணும்ல? நம்பரே குடுக்கலைன்னா எப்படி?

(இத அவ சொல்லியிருக்கக் கூடாது. கடலூர்க்காரர்கிட்ட, அதுலயும் லைன்மேன்கிட்ட, புயல எடுத்திருக்கவே கூடாது.)

பெரியவர்: தானே புயல் எப்போன்னு தெரியுமா உனக்கு? 2011 டிசம்பர் 30, விடியக்காலம். நீ பள்ளிக்கூடம் போயிருப்ப. கம்பம் எல்லாம் படுத்துடுச்சு, முந்திரி, பலா எல்லாம் வேரோட. எத்தினி நாள் ஒயர் இழுத்தோம் தெரியுமா. அத விடு. 2023-ல டெஸ்ட்டு பண்ணான், ஞாபகம் இருக்கா? எல்லார் பையிலயும் ஒரே நேரத்துல பீப் பீப்னு கத்துச்சே?

பொண்ணு: ஆமாம், நான் பயந்துட்டேன். போன் வெடிக்கப் போவுதுன்னு கீழ போட்டுட்டேன்.

பெரியவர்: அதுக்கு யார் நம்பரும் வேணாம்மா. டவர்லருந்து ரேடியோ மாதிரி விடுறான். அந்த டவருக்குக் கீழ எந்த போன் இருந்தாலும் கத்தும், அது யாருதுன்னு டவருக்குத் தெரியவே வேணாம். உசுரக் காப்பாத்தறதுக்கே நம்பர் வேணாங்குறான். நீ ரெண்டு பனியனுக்கு கேக்குற.

பொண்ணு: (கொஞ்ச நேரம் கழிச்சு, மெதுவா) ஐயா, உண்மைய சொல்லட்டா. நம்பர் இல்லாத பில்லு ஒரு நாளைக்கு அஞ்சுக்கு மேல போனா சாயங்காலம் மீட்டிங்ல நிக்க வெச்சு கேப்பாங்க. இன்னிக்கு நாலு ஆயிடுச்சு.

பெரியவர்: அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா. உன் சம்பளத்தையும் என் நம்பரையும் ஒண்ணா முடிச்சு போட்டு வெச்சுட்டு அவன் மேல ஏசில உக்காந்திருக்கான். கீழ நீயும் நானும் பனியனப் புடிச்சு இழுத்துக்கிட்டு நிக்கிறோம்.

பொண்ணு: எட்டு போட்டுடவா ஐயா?

பெரியவர்: எட்டா? லைசென்ஸா குடுக்கப் போற?

பொண்ணு: இல்ல ஐயா, எட்டையே பத்து தடவ அடிச்சா எடுத்துக்கும். யாராவது நம்பர் குடுக்கலைன்னா நாங்க எல்லாரும் அதத்தான் போடுவோம். யார்கிட்டயும் சொல்லாதீங்க.

(க்யூ மொத்தமும் கேட்டுக்கிட்டுதான் நிக்கிது.)

பெரியவர்: போடு.

பொண்ணு: (டக் டக் டக்) போயிடுச்சு... அய்யோ.

பெரியவர்: இன்னாம்மா?

பொண்ணு: 'மீண்டும் வருக, எங்கள் தங்க வாடிக்கையாளரே'ன்னு வருது. பதினோராயிரத்து சொச்சம் பாயிண்ட்டு இருக்கு ஐயா அவருக்கு. இந்த கடையிலயே இவருக்குத்தான் அதிகம் போல.

பெரியவர்: இருக்காதா பின்ன. பொடவை வாங்குறாரு, பாவாடை வாங்குறாரு, எனக்கு பனியன் வாங்குறாரு, பெரிய குடும்பஸ்தன். பாயிண்ட்டுல என் பில்ல கழிச்சுக்கோயேன், அவர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு.

பொண்ணு: முடியாது ஐயா. கழிக்கணும்னா ஓடிபி கேக்கும். ஓடிபி அவர் போனுக்குத்தான் போவும்.

பெரியவர்: அப்ப பனியன் போடுறது நானு, காசு குடுக்குறது நானு. பாயிண்ட்டு அவனுக்கு, ஓடிபி அவனுக்கு, மீட்டிங்ல நல்ல பேரு உங்க மேனேஜருக்கு.

பொண்ணு: (சிரிச்சுட்டா) இருநூத்தி தொண்ணூறு ஐயா.

பெரியவர்: இந்தா, முந்நூறு.

பொண்ணு: (கல்லாவ தொறந்து, ஒவ்வொரு அறையா விரல விட்டு தொழாவுறா) ஐயா... பத்து ரூவா சில்லறை இல்லியே.

பெரியவர்: சரி?

பொண்ணு: ஜிபே பண்ணிடட்டா? உங்க நம்பர் மட்டும் சொல்லுங்க.

பெரியவர்: அந்த எட்டுக்காரருக்கே போட்டுடும்மா. பாவம், ரொம்ப நாளா வாங்குறாரு.