செவ்வாயில் கந்தசஷ்டி எப்போது வரும்?

பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மருமகன் அறிவியல் புனைகதை ஒன்றை எழுதி வாசிக்கத் தந்தான். தொலைதூரக் கோள் ஒன்றில் குடியேறிய மக்கள் தலைமுறை தலைமுறையாக வழிபட்டுவந்த தெய்வம், தாங்கள் வந்திறங்கிய கப்பலின் பழைய கணினி என்பது கடைசிப் பக்கத்தில் தெரியவருகிறது. "எப்பிடி மாமா?" என்று கேட்டான். நடை நன்றாக இருக்கிறது, ஆனால் அந்தத் தெய்வத்துக்குக் கதை முழுவதிலும் ஒருவர்கூட ஒரு பூ வைக்கவில்லையே என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தான். நான் பகிடியாகச் சொல்லவில்லை.

நம்மவர் எழுதும் இவ்வகைக் கதைகளில் கடவுள் பெரும்பாலும் இரண்டு வழிகளில்தான் வருகிறார். ஒன்று, இறுதியில் அம்பலமாகும் இயந்திரம். மற்றையது, நம் முன்னோர் விமானமும் அணுகுண்டும் வைத்திருந்தார்கள் என்ற பெருமைப் பேச்சு. ஒன்றையொன்று எதிர்ப்பவைபோல இவை தோன்றினாலும், இரண்டுக்கும் கடவுள் ஒரு கருவியாகத்தான் தேவைப்படுகிறார்: முதலாமவர் திரையை விலக்கி இயந்திரத்தைக் காட்டுகிறார், இரண்டாமவர் அதே இயந்திரத்துக்குக் கற்பூரம் காட்டுகிறார். வழிபடுகிற மனிதர் இரண்டிலும் இல்லை.

கந்தபுராணம் படிக்கும் ஊரில் பிறந்தவர்களுக்கு இது விளங்காமல் போவதுதான் எனக்கு வியப்பு. ஒருவர் செய்யுளை இராகத்தோடு படிக்க, மற்றவர் பயன் (பொருள்) சொல்ல, சூரபன்மன் 1008 அண்டங்களை 108 யுகம் ஆண்ட கதையைக் கோயில் மண்டபத்தில் சப்பாணி கட்டி இருந்து கேட்டவர்கள் நாங்கள். அளவில் எந்த விண்வெளிக் கதைக்கும் அது குறைந்ததன்று. கந்தசஷ்டியின் ஆறாம் நாளான சூரன்போரன்று வீதியில் நின்று பாருங்கள். யானைமுகத்தைக் கழற்றிச் சிங்கமுகத்தைப் பூட்டுகிறார்கள், பிறகு சூரனின் சொந்தத் தலை, பிறகு மாமரம். அத்தனையும் மரமும் வர்ணப் பூச்சும் என்பது சூரனைத் தோளில் வைத்து ஆட்டுகிற இளைஞனுக்கு எவரையும்விட நன்றாகத் தெரியும். தலையை மாற்றிப் பூட்டுபவனே அவன்தான். ஆனால் வேல் வந்து தொடுகிற கணத்தில், வியர்வை வழிய, ஒரு கையால் கொம்பைப் பிடித்துக்கொண்டு மறுகையை நெஞ்சில் வைக்கிறான். அறிந்ததும் நம்புவதும் ஒரே உடம்பில் சண்டையில்லாமல் நிற்கும் அந்தக் கணத்தைத்தான் என் மருமகனின் கதையில் தேடினேன்.

அதை எழுத ஆசிரியர் பக்தராக இருக்கவேண்டும் என்பதில்லை. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து, அதே ஆண்டில் திருகோணமலைக் கடலடியில் கோணேசர் கோயிலின் சிதைவுகளைக் கண்ட அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், 2008இல் தன் இறுதிச் சடங்கில் எந்தச் சமயக் கிரியையும் கூடாது என்று எழுதிவைத்துவிட்டுப் போனவர். அவருடைய 1955ஆம் ஆண்டுச் சிறுகதை ஒன்றில் இயேசு சபைக் குருவான வானியலாளர் ஒருவர், பெத்லகேமில் ஒளிர்ந்த விண்மீன் ஓர் அழகிய நாகரிகத்தையே எரித்த வெடிப்பு என்று கணக்கிட்டு அறிகிறார். கிளார்க் அந்தக் குருவைக் கேலி செய்யவில்லை. சிலுவையின் முன்னால், பதிலில்லாத கேள்வியோடு நிறுத்திவிடுகிறார். மிகைப்புனைவிலோ 'த லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் எதிர்த்திசையில் போனார்: தீவிர கத்தோலிக்கரான அவர், சமயம் கதையின் உள்ளேயே ஊறியிருக்கிறது என்று சொல்லி, வழிபாட்டுக் குறிப்புகளை ஏறத்தாழ முழுவதுமாக நீக்கினார். ஆகவே பூ வைக்காமலும் எழுதலாம்தான். ஆனால் அதற்கு டோல்கீன் அளவுக்கு ஊறியிருக்க வேண்டும்.

நமக்குக் கதைப்பொருள் கைக்கெட்டிய தூரத்திலேயே கிடக்கிறது. சூரியனைவிட்டுச் சந்திரன் 12 பாகை விலகினால் ஒரு திதி. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற நம்மவர்கள் அந்தந்த ஊருக்குக் கணித்த பஞ்சாங்கத்தைப் பார்த்து விரதம் பிடிக்கிறார்கள். சரி, செவ்வாய்க் கோளில் குடியேறினால்? (முருகனுக்குரிய கோள் என்பதால் கேட்கிறேன்.) அங்கே நிலவுகள் இரண்டு. போபோஸ் செவ்வாயை 7 மணி 39 நிமிடத்தில் சுற்றிவிடுகிறது, அதுவும் மேற்கில் உதித்துக் கிழக்கில் மறைகிறது. அதை வைத்துத் திதி பார்த்தால் பிரதமை முதல் சஷ்டி வரையிலான ஆறு நாள் விரதம் ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். ஒரு பகலுக்குள்ளேயே விரதம் முடிக்கும் பாறணையும் பண்ணி அடுத்த விரதத்துக்கும் ஆயத்தமாகலாம். ஒரு வருடமோ பூமிக் கணக்கில் 687 நாள். கந்தசஷ்டி வருகிற ஐப்பசி எது? பூமியின் சந்திரனையே பின்பற்றுவதா? இங்கே சிரிப்பும் இருக்கிறது, ஊரை விட்டுப் போனவரின் துக்கமும் இருக்கிறது. 2007இல் மலேசிய விண்வெளி வீரர் ஷேக் முஸாஃபர் றமழான் மாதத்தில் விண்வெளி நிலையத்துக்குப் போனபோது, தொழுகை நேரத்தையும் தொழும்போது நோக்கவேண்டிய கிப்லாத் (மக்கா) திசையையும் எப்படிக் கொள்வது என்று அந்நாட்டு உலமாக்கள் வழிகாட்டியே வெளியிட்டார்கள். கதை எழுதுபவர்கள் கேட்க மறந்த கேள்விக்கு அவர்கள் உட்கார்ந்து பதில் எழுதினார்கள்.

மருமகன் கதையைத் திருப்பி எழுதுகிறானாம். நேற்று வந்து பஞ்சாங்கம் கேட்டான். இரண்டு வகையில் எது, வாக்கியமா, திருக்கணிதமா என்று கேட்டேன். முழித்துக்கொண்டு நின்றான்.