நிறைவேற்றுநர் சொத்துக்காரர் இல்லை

நிறைவேற்றுநரான அண்ணா காணியைப் பிரித்துத் தரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு மேலே ஒருவர், “மரணசாதனத்தில் (உயிலில்) மூத்த அண்ணனை நிறைவேற்றுநராகப் போட்டிருந்தால் காணி அவர் கையில்தான், மற்றச் சகோதரர் வாய் திறக்கேலாது” என்று எழுதியிருக்கிறார். அது பிழை. நிறைவேற்றுநர் கடனை அடைத்து, மிச்சத்தை மரணசாதனத்தில் உள்ளபடி பிரித்துக் கொடுக்கப் பொறுப்பேற்றவர், அவ்வளவுதான். இலங்கையில், மாவட்ட நீதிமன்றம் புறோபேற் (மரணசாதனத்தை ஏற்று, அதன்படி நடக்க நிறைவேற்றுநருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) வழங்கி 12 மாதத்துக்குள், அல்லது நீதிமன்றம் கூட்டிக் கொடுக்கும் தவணைக்குள், அவர் இறுதிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் உரித்தாளர்கள் நீதிமன்றத்தை நாடலாம். நிர்வாகம் நடத்தவே முடியாத நிலை வந்தால் கொடுத்த புறோபேற்றைத் திருப்பி எடுக்கவும் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 536ஆம் பிரிவு இடம் தருகிறது.

ஆனால் எடுத்த எடுப்பில் வழக்குக்குப் போகாதீர்கள். அப்பாவின் மரணசாதனத்துக்கு நிறைவேற்றுநரான எங்கள் அண்ணா மாதக்கணக்கில் பேச்சே எடுக்கவில்லை. ஏமாற்றுகிறார் என்றே கனடாவில் இருக்கும் தங்கச்சி நினைத்தாள். சரி, நேரில் போய்ப் பார்த்தால், அப்பாவின் காணி உறுதிகள் எல்லாம் ஒரு துணிப்பையில், ஓரம் கரையான் அரித்தபடி, கட்டு அவிழ்க்காமலே கிடந்தன. மனுசனுக்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை, எங்களிடம் சொல்ல வெட்கம். நான் ஒரு கொப்பியில் காணிப் பெயர், எத்தனை பரப்பு, உறுதி இலக்கம், வங்கிப் புத்தகம் என்று எழுதிக் கொடுத்தேன். சட்டத்தரணி செலவைத் தங்கச்சி ஏற்றாள். பிறகுதான் வேலை நகர்ந்தது.

உங்கள் அண்ணா இன்னும் புறோபேற் எடுக்கவில்லை என்றால், இந்தப் பொறுப்பு வேண்டாம் என்று விலகவும் வழி உண்டு. அதையும் அவருக்குச் சொல்லுங்கள்.