9.40க்கே பெல் அடிச்ச பள்ளிக்கூடம்

(சென்னிமலைப் பக்கம் ஒரு கிராமம். மே மாச நடுவாந்தரம். காம்பவுண்டு சுவருக்கு இந்தப் பக்கம் அப்புச்சி. அந்தப் பக்கம், தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற டீச்சர். பேரன் நாலாவது, பேத்தி ஒண்ணாவது முடித்து லீவுக்கு வந்திருக்கிறார்கள்.)

வெடியால 10 மணி

அப்புச்சி: ஏனுங் டீச்சர், இந்தப் பொடுசுகளுக்கு நிறுத்தற பட்டன் எங்கியாச்சும் வெச்சிருக்குதுங்களா?

டீச்சர்: என்னாச்சுங்ணா? வெடியால வட்டல்ல கரண்டிய வெச்சுப் பெல்லெல்லாம் அடிச்சீங்களே.

அப்புச்சி: பள்ளிக்கூடம் தொறந்தனுங். 9.40க்கு மூடிப்போட்டேன். டைம்டேபிளப் பாருங். 9க்குத் தமிழு, 10க்குக் கணக்கு, 11க்கு இங்கிலீசு, 12க்கு அறிவியலு.

டீச்சர்: இதுல தண்ணி குடிக்கக்கூட நேரமில்லீங்களே.

அப்புச்சி: அதெல்லாம் சின்னவ 40 நிமிசத்துல 6 வாட்டி குடிச்சுப்போட்டா. 5 வாட்டி பொடக்காலிக்கும் போயிட்டு வந்துட்டா.

டீச்சர்: ஒண்ணாவது படிக்கற கொழந்தை ஒரே வேலைய 15 நிமிசம் பாத்தாலே பெருசுங்ணா. உக்காந்து ஒண்ணு செஞ்சா, அடுத்தது எந்திரிச்சு நடக்கறாப்ல இருக்கோணும்.

அப்புச்சி: எம்மக வேற போன்ல, "சின்னவ மொட்டுப்பா"ங்கறா. பழனிக்கே இன்னும் போகலியே, அதுக்குள்ள எப்படிக் கண்ணு மொட்டைன்னு கேட்டுப்போட்டனுங்.

டீச்சர்: (சிரிப்பை அடக்கி) மொட்டையில்லீங், மொட்டு. 2022ல அரசுப் பள்ளிக்கூடத்துல எண்ணும் எழுத்தும்னு ஒரு திட்டம் கொண்டாந்தாங்கல்ல, அதுல பசங்களுக்கு எவ்வளவு தெரியுதுன்னு பாத்து அரும்பு, மொட்டு, மலர்னு வெச்சாங்க. மொட்டு நடுவால இருக்கறது. ஒண்ணும் கவலப்படாதீங்.

அப்புச்சி: கவலப்படாம? அறுவத்தஞ்சு எழுது சாமின்னா 605ன்னு எழுதறாளுங். 65ன்னு நானே நாலு வாட்டி எழுதிக் காட்டிட்டேன்.

டீச்சர்: அவ காதுல உழுந்தத அப்படியே எழுதறா. அறுவதுக்கு 60, பக்கத்துல அஞ்சுக்கு 5. நீங்க எழுதிக் காட்டுனா உங்க கையெழுத்துதான் நல்லாகும். சீமாத்துக் குச்சி இருக்குதுங்களா?

அப்புச்சி: அடிக்கறதுக்குங்களா?

டீச்சர்: எண்ணறதுக்குங்! விரல் நீளத்துக்கு 65 குச்சி ஒடச்சுக்கோங்க. பத்துப் பத்தா எண்ணி ரப்பர் பேண்டு போடச் சொல்லுங். அந்தக் கட்ட அவதான் கட்டோணும். நீங்க கட்டிக் குடுத்தா, அது பத்து குச்சின்னு அவளுக்கு எப்பவும் தெரியாது, ஒரு கட்டைன்னுதான் நெனப்பா. கட்டுக எடதுபக்க வட்டல்ல, உதிரி வலதுபக்க வட்டல்ல. எந்த வட்டல்ல எத்தனை இருக்குதோ, அதுக்குக் கீழ அந்த ஒரு எண்ணு மட்டும். 6, 5. முடிஞ்சுது. மறுக்கா 60 கேளுங். உதிரி வட்டலு காலியா இருக்கும். அப்பத்தான் சைபர் எதுக்குன்னே புரியும்.

அப்புச்சி: இம்புட்டுத்தானுங்களா? சேரி, போயி எல்லாத்தையும் வெளக்கமாச் சொல்லிப்போடறேன்.

டீச்சர்: சொல்லாதீங்! அதான் உங்க சீக்கே. கேள்வி கேட்டுப்போட்டு மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங். விடைய நீங்க சொன்னீங்கன்னா அந்த வேலை உங்களோடது. அவுங்க கண்டுபுடிச்சாத்தான் அவுங்களோடது.

அப்புச்சி: பத்து வரைக்கும் வாய மூடிட்டு இருக்கோணுமாக்கு? கல்யாணத்தன்னிக்குக்கூட நான் அப்படி இருந்ததில்லீங்.

11.20

அப்புச்சி: டீச்சர், சீமாறு காலி. எங்கூட்டுக்காரம்மா ரெண்டு வாட்டி மொறச்சுட்டா. ஆனா 65 வந்துருச்சுங்! இப்ப பெரியவன் சும்மா கெடக்கறான். வெயில்ல ஓட உட்டா மண்ட காஞ்சுபோகும்.

டீச்சர்: அந்த வெயிலத்தான் பாடமாக்கோணும். ஒரு மீட்டர் குச்சி ஒண்ணு நடுங்.

அப்புச்சி: பெயிண்டு வாளியில மண்ணப் போட்டு நட்டுப்போடட்டுங்களா? சிமெண்டு வாசலுங்களே.

டீச்சர்: வேண்டாங். இந்த மாசத்துல உச்சிப்பொழுதுக்கு ஒரு மீட்டர் குச்சிக்கு நெழலு 13 சென்டிமீட்டர்தான் வரும். வாளி வெச்சீங்கன்னா அதோட நெழலுக்குள்ளயே குச்சி நெழலு முழுகிப்போகும். பொடக்காலியில வெறும் மண்ணுல நட்டுங். மண்ணுக்கு மேல ஒரு மீட்டர் நிக்கோணும். நூல்ல ஒரு கல்லக் கட்டித் தொங்கவிட்டு, குச்சி அதோட ஒட்டி நிக்குதான்னு பாருங். சாஞ்சிருந்தா கணக்கு முச்சூடும் போச்சு.

அப்புச்சி: கொத்தனாரு வேலையாட்டம் இருக்குதுங்.

டீச்சர்: அதே குண்டுநூலுதான். 11.30லிருந்து கால் மணிக்கு ஒருக்கா நெழலு நுனியில ஒரு கூழாங்கல்லு. 1 மணி வரைக்கும் வெச்சா 7 கல்லு. நடுவால டிவி பாத்துக்கலாம், பரவால்ல. ஆனா முதல்லயே, எப்பக் குட்டையாகும், எந்தப் பக்கம் உழும்னு ரெண்டு பேரும் நோட்டுல எழுதி வெச்சுரோணும்.

அப்புச்சி: இதுல எழுதறதுக்கு என்னங் இருக்குது? 12 மணிக்குக் குட்டை, வடக்க பாத்து உழும். எங்க அய்யன் காலத்துலருந்தே அப்படித்தான்.

டீச்சர்: எழுதி வைங்ணா. கையெழுத்துப் போட்டு வைங்.

மத்தியானம் 1.10

அப்புச்சி: டீச்சர்! கடியாரம் கெட்டுப்போச்சு. இல்லீன்னா சூரியன் கெட்டுப்போச்சு.

டீச்சர்: எந்தக் கல்லுங் குட்டை?

அப்புச்சி: 12.15 கல்லு. அதும் நெழலு தெக்க பாத்து உழுந்து கெடக்குது! பேரன் நோட்ட நீட்டி என்ற கையெழுத்தக் காட்டறானுங்.

டீச்சர்: சூரியன் நேரா தலைக்கு மேல வர்றது நம்ம பக்கம் வருசத்துல ரெண்டே நாளுதான். ஏப்ரல் மூணாவது வாரம் ஒருக்கா, ஆகஸ்டு நாலாவது வாரம் ஒருக்கா. அன்னிக்கு உச்சிக்கு நெழலே இருக்காது. இப்ப ரெண்டுக்கும் நடுவால இருக்கறோம், சூரியன் நமக்கு வடக்க நிக்குது. அதான் நெழலு தெக்க. உங்க அய்யன் மார்கழில பாத்திருப்பாரு.

அப்புச்சி: சேரி, தெக்கயே உழுந்துட்டுப் போகட்டும். 15 நிமிசம் எங்க போச்சு?

டீச்சர்: இந்தியாவுக்கே ஒரே நேரம் வெச்சிருக்கறாங்க, மிர்சாப்பூர் பக்கமாப் போற எண்பத்திரெண்டரை டிகிரி கோட்ட வெச்சு. நாம அதுக்கு 5 டிகிரி மேக்க கெடக்கறோம். பூமி ஒரு டிகிரி சுத்த 4 நிமிசமாகும்.

அப்புச்சி: அஞ்சு நாலு இருவது. அப்ப 12.20 இல்ல வரோணும்?

டீச்சர்: பாத்தீங்களா, நீங்களே கேட்டுப்போட்டீங்! மே மாசத்துல சூரியன் 3, 4 நிமிசம் முந்தி வந்துரும். பிப்ரவரில இதே குச்சிய நட்டீங்கன்னா 12.30 தாண்டியும் போகும். ஆனா இதையெல்லாம் பேரன்கிட்ட ஒப்பிக்காதீங். ஏன் 12 இல்லைன்னு அவனே ரெண்டு நாளு மண்டையச் சொறியட்டும்.

அப்புச்சி: நான் சொறிஞ்சதே போதுங். சோத்துக்கு நேரமாச்சு, சின்னவதான் இன்னிக்கு அளந்து போடறா. மூணு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் தொவரம்பருப்பு. ஒண்ணரை டம்ளர் அரிசி போட்டா பருப்பு எவ்வளவுடான்னு பெரியவனக் கேட்டுப்போட்டு பத்து எண்ணுனேன். எட்டுல "அரை"ன்னான். அரிசிம்பருப்புச் சோத்துல இவ்வளவு கணக்கு இருக்குதுன்னு எனக்கே இன்னிக்குத்தானுங் தெரியும்.

2.30

டீச்சர்: ஏனுங்ணா, பசங்க ஒரே சத்தமா இருக்குது?

அப்புச்சி: மஞ்சத்தூளுங். நீங்க நேத்து சொன்னீங்கல்ல, மஞ்சளக் கரைச்சுத் தாளுல பூசி, சோப்புத் தண்ணி, எலுமிச்சம்பழம்னு தொட்டுப் பாக்கற சோதனை. ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு குடுத்திருக்கறாங்க, எங்கூட்டுல அது செவுத்துல கெடக்குது.

டீச்சர்: எவ்வளவு போட்டீங்?

அப்புச்சி: ஒரு ஸ்பூனு தூளுக்கு ஒரு சொம்பு தண்ணி.

டீச்சர்: அது கோயில் தீர்த்தமுங். ஒரு ஸ்பூனுக்கு மூணு ஸ்பூனு தண்ணி, கொழகொழன்னு இருக்கோணும். காயிதமும் வழவழப்பா இருக்கக்கூடாது, உறிஞ்சாது. சொரசொரன்னு வெள்ளத்தாளு, இல்லீன்னா வடிகட்டற தாளு. பூசி நெழல்ல அரை மணி காய வைங். வெயில்ல போட்டா மஞ்சள் வெளுத்துப்போகும். காஞ்சதும் விரல் அகலத்துக்கு நறுக்கி, சோப்புத் தண்ணி, ஆப்பசோடா, தயிரு, புளித்தண்ணி, உப்புத்தண்ணின்னு ஒவ்வொண்ணுலயும் ஒரு சொட்டு. தொடறதுக்கு முந்தி என்னாகும்னு எழுதச் சொல்லுங்.

அப்புச்சி: வெத்தலைச் சுண்ணாம்பும் இருக்குதுங்களே, ஆரத்திக்குக் கரைக்கறாப்ல?

டீச்சர்: பொடுசுக கையில சுண்ணாம்பு குடுக்காதீங், கண்ணுல பட்டா வம்பு. சோப்பே போதும். அதும் ஆப்பசோடாவும்தான் செவக்கும், மத்தது அப்படியே இருக்கும். செவந்த எடத்துல எலுமிச்சம்பழத்தப் புழிஞ்சா திரும்ப மஞ்சளாகும் பாருங், அங்கதான் பசங்க வாயப் பொளப்பாங்க.

அப்புச்சி: இருங், கைய தொடச்சுட்டு வந்தர்றேன்.

டீச்சர்: எதுலங் தொடச்சீங்?

அப்புச்சி: ...வேட்டிலதானுங். மஞ்சதானே, தொவச்சாப் போயிரும்.

(டீச்சர் பதில் சொல்லவில்லை. மனசுக்குள் பத்து வரைக்கும் எண்ணுகிறார்.)

பொழுதோட 6 மணி

அப்புச்சி: (வேட்டியைச் சுவர்மேல் விரித்து) டீச்சர், நாளைக்கு ஒறம்பரை ஊட்டுல கல்யாணமுங். இதப் பாருங்! மஞ்சக்கறை போகோணும்னு நல்லா சோப்புப் போட்டுத் தேச்சனுங். ரத்தக்களறி ஆகிப்போச்சு! வெட்டுக்குத்து நடந்த ஊடு மாதிரி இருக்குது.

டீச்சர்: ஏன் செவந்துச்சுன்னு பெரியவனக் கேட்டீங்களா?

அப்புச்சி: கேக்காம? நோட்டத் தூக்கி நெஞ்சோட அணச்சு வெச்சுட்டு, "விடைய நான் சொல்லமாட்டேன் அப்புச்சி, நீங்களே கண்டுபுடிங்"கறான். பக்கத்துல குக்கிட்டு சின்னவ ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணறா.

டீச்சர்: எத்தன வரைக்கும் எண்ணுனா?

அப்புச்சி: அறுவத்தஞ்சு தாண்டிப்போட்டாளுங். (குரலைத் தாழ்த்தி) உங்கூட்டுல எலுமிச்சம்பழம் ஒண்ணு இருக்குதுங்களா?