கை தட்டினாத்தான் பறக்குமா?

மார்கழிக் குளிர்ல நாலு மணிக்கு எந்திரிச்சு, காரைக்குடியில மொத பஸ்ஸைப் பிடிச்சு, திருப்பத்தூர் போய், அங்கேருந்து ஆட்டோவுல வேட்டங்குடி சரணாலயத்துக்குப் போனேன். எதுக்கு? கண்மாய்க்குள்ள நிக்கிற கருவேல மரத்துல நத்தைகுத்தி நாரை உக்காந்திருக்கிறதை நிம்மதியாப் பாக்கத்தான்.

பைனாகுலரைக் கண்ணுல வச்சேன். பின்னாடி ஒரு கார். கதவு நாலும் தொறந்து, குத்துப்பாட்டு. ஒரு தம்பி கரையில நின்னு 'ஹோய்'னு கை தட்டுறான். பறவை பறந்தாத்தான் ரீல்ஸ் நல்லா வருமாம்! மொத்தமும் எந்திரிச்சுப் போயிருச்சு. மரத்துல மிச்சம் ஒத்தை நீர்க்காகம். அதுக்குக் காது கேக்காதோ என்னவோ.

பக்கத்துலதான் கொள்ளுக்குடிப்பட்டி. பறவைக மிரண்டுறக் கூடாதுன்னு தீபாவளிக்கே வெடி போடாத ஊரு. அந்த ஊருப் புள்ளைக கம்பி மத்தாப்போட நிறுத்திக்குதுக. இவுகளால பத்து நிமிசம் சும்மா நிக்க முடியல.

"தம்பி, சத்தம் போடாதீகப்பா"ன்னேன்.

"அண்ணே, நீங்க ஃபாரஸ்ட்டா?"ங்கிறான்.

திரும்புறப்ப பாத்தா, கரையெல்லாம் சிப்ஸ் பாக்கெட்டு.